ஜிஎம்களுக்கான வரைபட மென்பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்ஃபைண்டர் போன்ற மேசை ஆட்டங்களை நடத்தும் ஜிஎம்களுக்காக, அதாவது கேம் மாஸ்டர்களுக்காக, எழுதிய பக்கம் இது. கீழே "கட்டம்" என்று வரும் இடமெல்லாம் சண்டை வரைபடத்தின் ஒரு சதுரம். ஆட்டக் கணக்கில் 5 அடி. "விடிடி" என்பது ரோல்20, ஃபவுண்டரி, அவுல்பேர் ரோடியோ போன்று, ஆட்ட மேசையைத் திரையிலேயே விரிக்கும் மென்பொருள்.

எந்த மென்பொருளை வாங்குவது?

எந்த அளவில் வரையப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உலகம் அல்லது நாடு, ஊர், சண்டைக்களம் என்று மூன்று அளவுகள் உண்டு. மூன்றையும் ஒரே மாதிரி நன்றாகச் செய்யும் கருவி அரிது.

உலகம், நாடு என்றால் வொண்டர்டிராஃப்ட். ஒருமுறை பணம் கட்டினால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய காகித வரைபடத் தோற்றம் எளிதாக வந்துவிடும். பிரவுசரிலேயே வரைய வேண்டுமென்றால் இன்கார்னேட். அதில் இலவசக் கணக்கு உண்டு, ஆனால் நல்ல படங்கள் பெரும்பாலும் சந்தா கட்டினால்தான் கிடைக்கும்.

சண்டைக்களத்துக்கு டன்ஜன்டிராஃப்ட். வொண்டர்டிராஃப்டை உருவாக்கியவரே இதையும் உருவாக்கினார். இதுவும் ஒருமுறைக் கட்டணம்தான். சுவர், கதவு, விளக்கு எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்து விடிடிக்கு அனுப்பும் என்பது இதன் பெரிய பலம். டன்ஜன் அல்கெமிஸ்ட் முப்பரிமாணக் கருவி. "மதுக்கடை", "நூலகம்" என்று வகையைச் சொல்லி ஓர் அறையை இழுத்து வரைந்தால், மேசை நாற்காலியை அதுவே போட்டுவிடும். வேகம் வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது என்றால் எடுக்கலாம். டன்ஜன்ஃபாக் பிரவுசரில் ஓடும் வெக்டர் கருவி.

ஊர் வரைபடத்துக்கு வாட்டபூ என்பவரின் மத்தியகால நகர ஜெனரேட்டர் இலவசம். தெருவும் மதிலும் ஆறும் உள்ள ஊர் சில நொடிகளில் வந்துவிடும். கையால் வரைந்தால் ஒரு வார இறுதி முழுவதும் அதிலேயே போகும்.

வாரம் ஒருமுறை ஆட்டம் நடத்துபவருக்கு எங்கள் பரிந்துரை: உலகத்துக்கு, உலக வரைபடத்தைத் தானே உருவாக்கித் தரும் இலவச அஸ்கார் ஜெனரேட்டர், சண்டைக்குக் காசு கொடுத்து டன்ஜன்டிராஃப்ட். ஆட்டக்காரர்கள் உலக வரைபடத்தை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். சண்டை வரைபடத்தை ஒவ்வொரு ஆட்டத்திலும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பணத்தையும் நேரத்தையும் போட வேண்டிய இடம் அதுதான்.

காசே செலவழிக்காமல் முடியுமா?

தாராளமாக முடியும். டன்ஜன் ஸ்க்ரால் பிரவுசரிலேயே கறுப்பு வெள்ளையில் பழைய பாணி நிலவறைகளை வரைய உதவும். சதுரங்களை இழுத்தால் அறை; இன்னொன்றை ஒட்டி இழுத்தால் இரண்டும் இணைந்துவிடும். பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். வாட்டபூவின் ஒரு பக்க நிலவறை ஜெனரேட்டர், அறைகளோடு சின்னச் சின்னக் குறிப்புகளையும் சேர்த்தே தரும். நீங்களே தூரிகை பிடிப்பவர் என்றால் கிரிட்டா, ஜிம்ப், இங்க்ஸ்கேப் மூன்றும் இலவசம்.

கறுப்பு வெள்ளை வரைபடத்தைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். சுவர் எங்கே, வழி எங்கே என்பது அதில் பளிச்சென்று தெரியும். வண்ணப் படத்தில் தரைவிரிப்பையும் பள்ளத்தையும் குழப்பிக்கொண்டு ஆட்டக்காரர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கேம்பெயின் கார்ட்டோகிராஃபரைக் கற்றுக்கொள்வது கடினமா?

கடினம்தான், ஆனால் காரணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். புரோஃபேன்டசி நிறுவனத்தின் இந்தக் கருவி ஒரு கேட் (CAD, பொறியாளர்கள் வரைபடம் போடும் வகை) எஞ்சின் மேல் எழுதப்பட்டது. பெயின்ட் மாதிரி தூரிகையால் இழுக்கும் பழக்கத்தோடு போனால் எதுவும் நடக்காது. முதலில் கட்டளை, பிறகு எதன் மேல் என்ற தேர்வு, கடைசியில் உறுதி செய்தல் என்ற வரிசையில்தான் வேலை நடக்கும். வலது கிளிக் கடைசிக் கட்டளையைத் திரும்ப அழைக்கும். அதை மட்டும் கைக்குப் பழக்கிக்கொண்டால் வேகம் இரட்டிப்பாகும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஷீட்டும் லேயரும். ஷீட் என்பது எது மேலே, எது கீழே வரையப்பட வேண்டும் என்ற வரிசை. நிழல், ஒளி போன்ற எஃபெக்ட்கள் ஷீட்டுக்குத்தான் போடப்படும். லேயர் என்பது "இவை எல்லாம் மரங்கள்", "இவை எல்லாம் பெயர்கள்" என்று வகைப்படுத்துவதற்கு. மரத்தைத் தவறான ஷீட்டில் வைத்தால் அது வீட்டுக் கூரைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வரையும்போது எஃபெக்ட்களை அணைத்து வையுங்கள், எக்ஸ்போர்ட்டுக்கு முன் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கும்போதும் காத்திருக்க வேண்டும். விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது என்பதையும் வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

ஒரு கட்டத்துக்கு எத்தனை பிக்சல் வைப்பது?

ரோல்20-இல் இயல்பான கட்டம் 70 பிக்சல். ஃபவுண்டரியில் இயல்பு 100. டன்ஜன்டிராஃப்டின் சொந்தப் படங்கள் கட்டத்துக்கு 256 பிக்சல் என்ற கணக்கில் வரையப்பட்டவை. அதற்காக 256-இலேயே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டாம்.

30 × 20 கட்டமுள்ள ஒரு களத்தை எடுத்துக்கொள்வோம். 70-இல் எக்ஸ்போர்ட் செய்தால் 2100 × 1400 பிக்சல். 140-இல் 4200 × 2800. 256-இல் 7680 × 5120. கோப்பின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜேபெக், வெப்-பி எதுவானாலும் திரையில் காட்டும்போது விரிந்து, பிக்சலுக்கு 4 பைட் வீதம் கிராபிக்ஸ் நினைவகத்தில் உட்காரும். அந்தக் கணக்கில் 70-க்கு சுமார் 12 எம்பி, 140-க்கு 47 எம்பி, 256-க்கு 157 எம்பி. ஆட்டக்காரர் ஒருவரிடம் பழைய லேப்டாப் இருந்தால் கடைசி எண்ணில் அது திணறும். வட்டில் 3 எம்பிதானே என்று கேட்டால், அந்த 3 எம்பிக்கும் இந்தத் திணறலுக்கும் சம்பந்தம் இல்லை.

140 பெரும்பாலானவர்களுக்குப் போதும். ரோல்20-இன் 70-க்குச் சரியாக இரண்டு மடங்கு என்பதால் அங்கேயும் சுத்தமாகச் சுருங்கும். பெரிதாக்கிப் பார்த்தாலும் மங்காது. 50 கட்டத்தைத் தாண்டும் பெரிய களம் என்றால் 100 அல்லது 70-க்கு இறங்குங்கள். பழைய போன்கள் பலவற்றில் ஒரு படத்தின் ஒரு பக்கம் 4096 பிக்சலைத் தாண்டினால் கறுப்புத் திரைதான் வரும். வெப்-பி வடிவத்தில் ஒரு பக்கம் 16,383 பிக்சலுக்கு மேல் போகவே போகாது.

விடிடியின் கட்டமும் படத்தின் கட்டமும் பொருந்தவில்லை. ஏன்?

வலது ஓரம் போகப்போக கோடு விலகிக்கொண்டே போகிறதென்றால், படம் வழியில் எங்கோ சுருங்கிவிட்டது. மேலே சொன்ன 4200 பிக்சல் அகலப் படம் 2048-க்குச் சுருங்கினால் கட்டத்துக்கு 68.27 பிக்சல் ஆகிறது. விடிடியில் 68 என்று கொடுத்தால் ஒரு கட்டத்துக்குக் கால் பிக்சல் வித்தியாசம்தான். ஆனால் 30-ஆவது கட்டத்தில் 8 பிக்சல் தள்ளி நிற்கும். 70 என்று கொடுத்தால் கடைசியில் முக்கால் கட்டம் தள்ளிப்போகும். இதற்குப் பெரும்பாலும் காரணம் படத்தை வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்புவது. டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுங்கள்.

விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் கதை வேறு. படத்தின் ஓரத்தில் கூடுதலாக ஒரு கோடோ சட்டமோ இருக்கிறது. அதை வெட்டியெடுங்கள், அல்லது விடிடியில் அந்த அளவுக்குப் படத்தை நகர்த்துங்கள்.

ரோல்20-இல் சரிசெய்ய: படத்தை மேப் லேயரில் போட்டு, வலது கிளிக் செய்து, அட்வான்ஸ்டு என்பதில் கட்டத்துக்குப் பொருத்தும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். படத்திலேயே உள்ள கட்டங்களில் 3 × 3 அளவுக்கு ஒரு சதுரம் இழுக்கச் சொல்லும். ஓரத்தில் இழுக்காமல், கோடுகள் தெளிவாகத் தெரியும் நடுப்பகுதியில் இழுங்கள். எத்தனை கட்டம் என்று உங்களுக்கே தெரிந்தால் அதே மெனுவில் அளவை நேரடியாக எண்ணில் கொடுப்பது இன்னும் துல்லியம். ஃபவுண்டரியில் காட்சி அமைப்புக்குள் போய், கட்ட அளவு என்ற இடத்தில் எக்ஸ்போர்ட் செய்த அதே பிக்சல் எண்ணைத் தட்டினால் போதும்.

கோப்புப் பெயரிலேயே அளவை எழுதும் பழக்கம் பெரிய உதவி: "சுரங்கவாயில்_30x20_140". ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் கட்டத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்டக் கோடுகளைப் படத்திலேயே பதிக்கலாமா?

விடிடிக்கு வேண்டாம். அங்கே விடிடியே கோடு போடும். இரண்டும் சேர்ந்தால் இரட்டைக் கோடு தெரியும். அச்சுக்கு மட்டும் பதியுங்கள். கறுப்புக் கோட்டை 30 முதல் 40 சதவீத அடர்த்தியில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும், படத்தையும் கெடுக்காது.

சுவர், கதவு, விளக்கு எல்லாவற்றையும் விடிடியில் மறுபடி வரைய வேண்டுமா?

டன்ஜன்டிராஃப்டில் யுனிவர்சல் விடிடி என்ற வடிவத்தைத் தேர்ந்து எக்ஸ்போர்ட் செய்தால் தேவையில்லை. டிடி2விடிடி என்று முடியும் அந்தக் கோப்பு உள்ளே பார்த்தால் வெறும் ஜேசன் (JSON) வடிவ எழுத்து. வரைபடம், கட்ட அளவு, பார்வையை மறைக்கும் கோடுகள், கதவுகள், விளக்குகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். படம் எழுத்தாக மாற்றி வைக்கப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும், அது இயல்புதான். ஃபவுண்டரி தானாக இதைப் படிக்காது. யுனிவர்சல் பேட்டில்மேப் இம்போர்ட்டர் என்ற மாட்யூலை நிறுவ வேண்டும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில. கதவுக் கருவியால் சுவர்மேல் வைத்த கதவு மட்டுமே கதவாகப் போகும். கதவுப் படத்தை ஒரு பொருளாக இழுத்துப் போட்டிருந்தால் விடிடியில் அந்த இடம் திறக்கவே முடியாத சுவர். அடுத்தது குகை. குகைத் தூரிகை உருவாக்கும் நெளிவான ஓரம் நூற்றுக்கணக்கான குட்டிச் சுவர்த் துண்டுகளாக வந்து இறங்கும். டோக்கன் (வீரரைக் குறிக்கும் திரைக் காய்) நகரும் ஒவ்வொரு முறையும் விடிடி அத்தனையையும் கணக்குப் போட வேண்டும். பெரிய குகை என்றால் இறக்கிய சுவர்களை நீக்கிவிட்டு, கையால் இரண்டு கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்து வரைந்துவிடுங்கள். கால் மணி நேர வேலை. ஆட்டம் முழுவதும் நிம்மதி.

விளக்கிலும் ஒன்றைக் கவனியுங்கள். தீப்பந்த ஒளியைப் படத்திலேயே பதித்து, விடிடியிலும் விளக்கு வைத்தால் ஒளி இரண்டு மடங்காகி அந்த மூலை வெளுத்துப்போகும். எக்ஸ்போர்ட்டின்போது ஒளியை அணைத்துவிட்டு, விடிடியில் மட்டும் வையுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிப்படி தீப்பந்தத்துக்கு 20 அடி நல்ல வெளிச்சம், அதற்கு அப்பால் இன்னொரு 20 அடி மங்கல். மெழுகுவர்த்திக்கு 5, அப்பால் 5. மூடியிட்ட லாந்தருக்கு 30, அப்பால் 30.

ஃபவுண்டரியில் சுவர் வகைகளைக் கட்டாயம் பழகுங்கள். இன்விசிபிள் வகைச் சுவர் நடையைத் தடுக்கும், பார்வையைத் தடுக்காது. கண்ணாடி, கம்பிக்கதவு, பள்ளத்தின் விளிம்பு இவற்றுக்கு அதுதான். எத்தீரியல் வகை நேர்மாறு: பார்வையை மறைக்கும், நடக்க விடும், திரைச்சீலைக்கும் மாயச்சுவருக்கும் பொருந்தும். பாறை, தடித்த மரம் போன்றவற்றுக்கு டெரெய்ன் வகை. பாறையின் முகம் ஆட்டக்காரருக்குத் தெரியும், அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. ரகசியக் கதவை வெறும் சுவராக விட்டுவிடாமல் ரகசியக் கதவு என்றே குறியுங்கள். அதன் சின்னம் உங்கள் திரையில் மட்டும் தெரியும். கண்டுபிடித்த நொடியில் ஒரே கிளிக்கில் திறக்கலாம்.

அறைகளை எவ்வளவு பெரிதாக வரைவது?

நிஜ வீட்டு அளவில் வரைந்தால் சண்டை நடக்காது. 15 × 20 அடி அறை என்பது நிஜத்தில் தாராளமான கூடம். வரைபடத்தில் அது 3 × 4 கட்டம், மொத்தம் 12. ஐந்து வீரர்களும் ஆறு காப்ளின்களும் நுழைந்தால் மிச்சம் ஒரு கட்டம்தான். யாரும் நகர மாட்டார்கள்; முறைவைத்து அடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு சராசரி வீரர் ஒரு சுற்றில் 30 அடி, அதாவது 6 கட்டம் நகர்வார். ஓடி ஒளிய, சுற்றி வளைக்க இடம் வேண்டுமென்றால் சண்டை அறைக்குக் குறைந்தது 8 × 8 கட்டம் கொடுங்கள். ஃபயர்பால் மந்திரத்தின் ஆரம் 20 அடி. குறுக்களவு 8 கட்டம். அந்த 8 × 8 அறையை அது ஒரே அடியில் நிரப்பிவிடும். மந்திரவாதி அதை எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டுமென்றால் 12 × 12 அளவுக்குப் போங்கள். ஓகர் மாதிரி பெரிய உயிர் 2 × 2 கட்டம் பிடிக்கும், அதைவிடப் பெரியது 3 × 3. ஒரு கட்ட அகலத் தாழ்வாரத்தில் எல்லோரும் வரிசையில் நின்று முன்னால் இருப்பவர் மட்டும் சண்டை போடுவார். வேண்டுமென்றே அப்படி அமைத்தால் நல்ல யுக்தி. மற்ற இடங்களில் தாழ்வாரம் இரண்டு கட்ட அகலம் இருக்கட்டும்.

வெறும் பரப்பு மட்டும் பெரிதானாலும் பயனில்லை. எட்டுக்கு எட்டு அறையில் இரண்டு தூண், கவிழ்க்கக்கூடிய ஒரு மேசை, ஏறி நிற்க ஒரு மேடை, இரண்டாவது வாசல் ஒன்று, இவ்வளவு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க ஏதாவது இருக்கும். ஆட்டக்காரர்கள் எதையாவது செய்யத் தூண்டும் பொருளை முதலில் வையுங்கள். குப்பை, பாத்திரம், தரைக் கறை எல்லாம் நேரம் மிஞ்சினால்.

வீட்டில் அச்சடித்து மேசையில் வைக்க என்ன செய்ய வேண்டும்?

மினியேச்சர்களுக்கு, அதாவது மேசையில் நிறுத்தும் சின்ன பொம்மைகளுக்கு, ஒரு கட்டம் 1 அங்குலம். 30 × 20 கட்டம் என்றால் 30 × 20 அங்குலம். பிரிண்டர் விடும் ஓரத்தைக் கழித்தால் ஒரு ஏ4 தாளில் 10 × 7 கட்டம் பிடிக்கும். மூன்றுக்கு மூன்று, 9 தாள். ஏ3-இல் 15 × 11 கட்டம் பிடிக்கும். 4 தாளில் முடிந்துவிடும்.

கட்டத்துக்கு 150 பிக்சலில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நின்ற நிலையில் மேசையைப் பார்க்கும் தூரத்துக்கு அது போதும். 300 வைத்தால் 9000 × 6000 பிக்சல் ஆகி பல கணினிகள் அச்சடிக்கவே மறுக்கும். அடோப் ரீடரின் அச்சு ஜன்னலில் போஸ்டர் என்ற வசதி பெரிய பக்கத்தைத் தானே தாள்களாகப் பிரிக்கும். அளவு 100 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். தாளுக்குள் பொருத்து என்ற தேர்வு இருந்தால் கட்டம் 0.94 அங்குலமாகவோ என்னவோ சுருங்கி, அடித்தட்டு சரியாக 1 அங்குலம் இருக்கும் மினியேச்சர் கோட்டைத் தாண்டி நிற்கும். முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து 5 கட்டத்தை அளந்து, 5 அங்குலம் இருந்தால் மட்டும் மற்றவற்றை அச்சடியுங்கள்.

அடிக்கடி பயன்படுத்தும் களம் என்றால் ஃபிளக்ஸ் பேனர் கடையில் கொடுப்பது மேல். ஒட்டு வேலை இல்லை, மடிப்பு விழாது, தண்ணீர் பட்டாலும் துடைத்துவிடலாம். கடையில் பிக்சல் கணக்குச் சொல்லாதீர்கள். "30-க்கு 20 இன்ச், அளவு மாறக்கூடாது" என்று சொல்லுங்கள். பளபளப்பு இல்லாத தாளாகக் கேளுங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுக் கோடு மறையாது. திரையில் அழகாக இருக்கும் இருட்டு நிலவறை அச்சில் ஒரே கறுப்பாக வரும். அனுப்பும் முன் ஜிம்பில் லெவல்ஸ் வசதியைத் திறந்து நடுப்பகுதியை 1.3 அளவுக்கு வெளிச்சமாக்குங்கள்.

உலக வரைபடத்தில் ஆறுகள் ஏன் செயற்கையாகத் தெரிகின்றன?

மலையிலிருந்து இறங்கும் ஆறு போகப்போக மற்ற ஆறுகளோடு சேரும், பிரியாது. கடலிலிருந்து கடலுக்குப் போகாது. ஓர் ஏரியில் பல ஆறுகள் விழலாம், வெளியேறுவது ஏறக்குறைய எப்போதும் ஒன்றே ஒன்று, ஏனெனில் தண்ணீர் கரையின் மிகத் தாழ்ந்த இடத்தைத்தான் கண்டுபிடிக்கும். ஓடஓட அந்த இடமே இன்னும் ஆழமாகும்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. நிலம் ஏறக்குறைய தட்டையாகி, கடலை நோக்கி டெல்டா தொடங்கும் இடங்களில் ஆறு பிரியும். உங்கள் உலகத்திலும் கடைமடைப் பகுதியில் ஆற்றைப் பிரியுங்கள், நம்பும்படி இருக்கும். மலைநாட்டின் நடுவில் பிரித்தால்தான் கண்ணை உறுத்தும்.

அஸ்கார் ஜெனரேட்டர் நில உயரத்தை முதலில் உருவாக்கி, அதன்மேல் மழையையும் ஆற்றையும் கணக்குப் போட்டுத்தான் ஓடவிடுகிறது. அதனால் அதில் இந்தப் பிழை குறைவு. வொண்டர்டிராஃப்டில் அழகாக வரைய ஆசை என்றால், அஸ்காரில் வந்ததை பிஎன்ஜியாக எடுத்து, வொண்டர்டிராஃப்டில் கீழே டிரேஸ் படமாக வைத்து, கடற்கரையையும் ஆற்றையும் அதன்மேல் இழுங்கள்.

அஸ்காரில் நிலத்தைத் திருத்தினால் நாடுகள் காணாமல் போகின்றன. ஏன்?

உயர வரைபடத்தைத் திருத்தும்போது மூன்று முறைகளில் ஒன்றைக் கேட்கும். இரேஸ் முறையில் நாடு, ஊர், மதம் எல்லாம் அழிந்து, புதிய நிலத்தின்மேல் மறுபடி உருவாகும். கீப் முறையில் எல்லாம் அப்படியே இருக்கும்; ஆனால் நிலத்தைக் கடலாகவோ கடலை நிலமாகவோ மாற்ற முடியாது. ரிஸ்க் முறை இரண்டுக்கும் நடுவில்: கரையை மாற்றலாம், பிற விவரங்களைக் காப்பாற்ற முயலும், சில இடங்களில் உளறும். எனவே நிலத்தை முதல் நாளிலேயே முடித்துவிட்டுத்தான் ஊர்ப்பெயர் வைக்கத் தொடங்க வேண்டும். மேப் என்று முடியும் கோப்பாக உங்கள் கணினியில் சேமியுங்கள். பிரவுசருக்குள் மட்டும் சேமித்தால், பிரவுசர் தரவை ஒருநாள் சுத்தம் செய்யும்போது உலகமும் சேர்ந்து போய்விடும்.

அறுகோணக் கட்டம் எதற்கு? எத்தனை மைல் வைப்பது?

காட்டில், மலையில் அலையும் பயணத்துக்கு. சதுரத்தில் மூலைவாட்டில் போனால் தூரம் மாறும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். 6 மைல் அகலம் வைத்தால் கணக்கு மனத்திலேயே ஓடும்: ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடை நாளொன்றுக்கு 24 மைல், அதாவது 4 அறுகோணம். கடினமான நிலத்தில் பாதி, 2. சமவெளியில் நிற்கும் ஆளுக்கு அடிவானம் ஏறக்குறைய 3 மைல் என்பதால், அறுகோணத்தின் நடுவில் நிற்பவருக்கு அதன் விளிம்பு வரை தெரியும். "என்ன தெரிகிறது?" என்ற கேள்விக்குப் பதில் வரைபடத்திலேயே இருக்கிறது.

தொடக்கத்தில் 10 × 10 அறுகோணம் போதும். குறுக்கே 60 மைல். பல மாத ஆட்டத்துக்குத் தாங்கும். வேர்ல்டோகிராஃபர், ஹெக்ஸ் கிட் இரண்டும் இதற்கென்றே உள்ள கருவிகள்.

வரைபடத்தில் தமிழில் பெயர் எழுத முடியுமா?

பிரவுசரில் ஓடும் கருவிகளில் பெரும்பாலும் முடியும், ஏனெனில் எழுத்தைச் சேர்க்கும் வேலையைப் பிரவுசரே பார்த்துக்கொள்கிறது. வொண்டர்டிராஃப்டும் டன்ஜன்டிராஃப்டும் கோடோ என்ற கேம் எஞ்சினில் எழுதப்பட்டவை. தமிழ் போன்ற எழுத்துகளை முறையாகச் சேர்க்கும் திறன் அந்த எஞ்சினுக்கு 4-ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய எஞ்சினில் ஓடும் பதிப்பில் "கோட்டை" என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

எளிய வழி: பெயர்கள் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்து, இங்க்ஸ்கேப்பில் எழுதுவது. ஆவணத்தின் அளவைப் படத்தின் அதே பிக்சல் எண்ணுக்கு வையுங்கள். படத்தை அடி லேயரில் போட்டுப் பூட்டுங்கள். மேலே புது லேயரில் எழுதுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் தெளிவானது. ஆறு, கடல் பெயர்களுக்குச் சாய்வான கவிவனார் அழகாக இருக்கும். தலைநகரங்களுக்கு கேட்டமரான் தடித்த எழுத்து. எழுத்தைச் சுற்றி 3 அல்லது 4 பிக்சல் வெளிர்நிறக் கோடு போட்டு, அது எழுத்துக்குப் பின்னால் வரும்படி வரிசையை மாற்றுங்கள். முன்னால் வந்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். முடித்ததும் 96 டிபிஐயில் எக்ஸ்போர்ட் செய்தால் பிக்சல் மாறாது. ஆற்றின் வளைவில் எழுத்தை ஓட்டும்போது வளைவு மென்மையாக இருக்கட்டும், நெளிவில் கொம்பும் எழுத்தும் ஆளுக்கொரு பக்கம் சாயும்.

கருவிக்குள்ளேயே எழுதியாக வேண்டுமென்றால் பாமினி போன்ற பழைய எழுத்துரு கைகொடுக்கும். அதில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் இருப்பதால் மென்பொருள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. யூனிகோடில் உள்ள பெயரை முதலில் பாமினிக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

தரவிறக்கிய அசெட் பொதிகளில் (மரம், மேசை போன்ற ஆயத்தப் படங்களின் தொகுப்புகளில்) எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயம். முதலாவது கட்ட அளவு: 256 பிக்சல் கணக்கில் வரையாத படத்தை டன்ஜன்டிராஃப்டில் போட்டால் நாற்காலி கட்டிலளவுக்கு வரும். இரண்டாவது நிழலின் திசை. இரண்டு ஓவியர்களின் பொதிகளைக் கலந்தால் ஒரு பீப்பாயின் நிழல் இடப்பக்கமும் பக்கத்துப் பெட்டியின் நிழல் வலப்பக்கமும் விழும். ஒரு வரைபடத்துக்கு ஒரே பொதி என்று வைத்துக்கொண்டால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். மூன்றாவது உரிமம்: நண்பர்களோடு ஆடுவதற்கு அநேகமாக எல்லாப் பொதியும் அனுமதிக்கும். வரைபடத்தை விற்பது, காசு வாங்கும் ஆட்டத்தில் காட்டுவது, யூடியூபில் போடுவது ஆகியவற்றுக்குத் தனி விதிகள். பொதியோடு வரும் உரிமக் கோப்பை அதே ஃபோல்டரில் வையுங்கள்.

பொதி இருக்கும் ஃபோல்டரை நகர்த்திவிட்டு வரைபடத்தைத் திறந்தால் மரமும் மேசையும் காணாமல் போயிருக்கும். அந்த நிலையில் சேமிக்காதீர்கள். மூடி, பொதியைப் பழைய இடத்தில் வைத்து, மறுபடி திறங்கள்.

பல மாடிக் கட்டடங்களை எப்படி வரைவது?

டன்ஜன்டிராஃப்டில் மாடிகளைத் தனித்தனி லெவலாக வைக்கலாம். கீழ்மாடியை மங்கலாகக் காட்டச் சொன்னால் சுவர் மேல் சுவர் வரும். படிக்கட்டு இரண்டு மாடியிலும் ஒரே கட்டத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் பிசகும், ஆட்டக்காரரும் அங்கேதான் நிற்பார். எல்லா மாடிகளையும் ஒரே படஅளவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டோக்கனை ஒரு மாடியில் நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டினால் அதே இடத்தில் விழும்.

ஜிஎம் பிரதியும் ஆட்டக்காரர் பிரதியும் தனியாக வேண்டுமா?

வேண்டும். அறை எண், பொறி, ரகசிய வழி எல்லாவற்றையும் தனி லேயரில் வைத்து, அதை மறைத்து ஒருமுறை, காட்டி ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு ஆட்டக்காரர் பிரதியைப் புதுக் கண்ணோடு பாருங்கள்: நாலு பக்கமும் அறைகள் இருந்து நடுவில் மட்டும் 4 × 4 கட்டம் காலியாகக் கிடந்தால், ரகசிய அறையை நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தைச் சுற்றி இன்னும் இரண்டு மூன்று வெற்றிடங்களை விடுங்கள், அல்லது சுவர்களைத் தடிமனாக்குங்கள்.

எந்தக் கோப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டும்?

எக்ஸ்போர்ட் செய்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு கதவைக்கூட மாற்ற முடியாது. கருவியின் மூலக்கோப்பு, பயன்படுத்திய பொதிகள், எழுத்துரு, இந்த மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கணினிக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். மூலக்கோப்பை ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் புது எண்ணோடு சேமியுங்கள். கதையில் கோட்டை எரிந்த பிறகு, எரிவதற்கு முந்தைய கோட்டை ஒரு பழைய நினைவுக் காட்சிக்குத் தேவைப்படும்.